சென்னையில் மனநல மருத்துவரைப் பார்க்க: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது. இப்போது நாற்பதை நெருங்குகிறான். ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறான், மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறான். வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால் யார் வீட்டில் யாருக்குத் தூக்கம் போனாலும், மாடி ஏறி வந்து குரலைத் தாழ்த்தி என்னிடம்தான் கேட்கிறார்கள். பதினைந்து வருடமாகக் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்தேன்.

நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல மாட்டேன். யாராவது உயிரை விடப்போவதாகப் பேசுகிறார்கள் என்றால் மற்றதை அப்புறம் படியுங்கள். முதலில் கீழே தற்கொலை பற்றிய கேள்விக்குப் போங்கள்.

"சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர், முதலில் எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர். அதற்கு மேல் மனநலத்தில் மூன்று வருட எம்.டி. அல்லது டி.என்.பி., இல்லாவிட்டால் இரண்டு வருட டி.பி.எம். படித்தவர். மருந்து எழுதுவது, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது, அட்மிட் செய்வது எல்லாம் அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, பெரும்பாலும் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவருடையவை. மருந்து எழுத மாட்டார்.

கவுன்சலர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு, சில வார வகுப்போடு பலகை மாட்டியவர்களும் உண்டு. என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள், தப்பே இல்லை. யாரிடம் முதலில் போவது என்ற குழப்பம் வந்தால் நான் சொல்வது இதுதான்: தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் கெட்டிருந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, காரணமில்லாத சந்தேகம் இருந்தாலோ மனநல மருத்துவரிடம் போங்கள். பேச்சுச் சிகிச்சை தேவைப்பட்டால் அவரே அனுப்பி வைப்பார்.

"டென்ஷன் யாருக்குத்தான் இல்ல? டாக்டர்கிட்ட போற அளவுக்குன்னு எப்படிச் சொல்றது?"

கவலைக்குக் காரணம் இருக்கிறதா என்று தேடாதீர்கள். காரணம் இருந்தும் நோய் வரும், இல்லாமலும் வரும். நாள் கணக்கைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டு கிடக்கிறதா, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லையா, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கமே இல்லையா, சமைக்கவோ குளிக்கவோ வேலைக்குப் போகவோ முடியவில்லையா? அப்படியென்றால் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இளவயதுப் பிள்ளைகளிடம் வேறு மாதிரி தெரியும். என் தம்பி நண்பர்களை விட்டு ஒதுங்கினான், ராத்திரி முழுக்க நடந்தான், அம்மா போட்ட காபியை மோந்து பார்த்துவிட்டுக் கொட்டினான். படிப்பு பயம் என்று நாங்கள் நினைத்தோம். அப்படி நினைத்தே இரண்டு வருடம் போனது. இந்தப் பக்கத்தை எழுத அந்த இரண்டு வருடம்தான் காரணம்.

"முதல்ல நம்ம ஃபேமிலி டாக்டரையே பாக்கலாமா?"

தாராளமாக. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவையெல்லாம் மனச்சோர்வு போலவே தெரியும். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் "நல்லாத் தூங்குங்க" என்று தூக்க மாத்திரை மட்டும் கொடுத்து, அது மாதக்கணக்கில் தொடர்ந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

"சென்னையில எங்க போறது? பக்கத்துல யார் இருக்காங்கன்னே தெரியல."

காசு செலவில்லாமல் என்றால் அரசு மருத்துவமனைகள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கே.எம்.சி. என்கிற கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தெற்கே இருப்பவர்களுக்கு ராயப்பேட்டை. இங்கெல்லாம் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். மற்ற நோயாளிகளோடு அதே வரிசை, அதே கட்டடம் என்பதால் "யாராவது பார்த்துவிடுவார்களோ" என்ற பயம் இருப்பவர்களுக்குப் பொது மருத்துவமனைதான் சுலபம். மனநலத்துக்கென்றே இருப்பது கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மனச்சிதைவு நோய்க்கு அண்ணா நகர் மேற்கு விரிவில் ஸ்கார்ஃப் இருக்கிறது. 1984இல் டாக்டர் எம்.சாரதா மேனன் தொடங்கிய அறக்கட்டளை. தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக 1993இல் ஆரம்பித்தது தி பேன்யன். தனியார் பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் மனநல மருத்துவர் உண்டு, பேட்டையில் தனி கிளினிக் வைத்திருப்பவர்களும் உண்டு. எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் அது. கட்டணமில்லை, நாள் முழுக்க, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104ம் இருக்கிறது.

நான் ஒரு யோசனை சொல்வேன்: பெயர் பெற்றவரைத் தேடித் தாம்பரத்திலிருந்து அண்ணா நகருக்குப் போவதைவிட, இரண்டு பஸ்ஸுக்குள் போய்வரக்கூடிய டாக்டர் மேல். இது ஒரு நாள் வைத்தியம் கிடையாது. தூரம் அதிகமானால் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

"கீழ்ப்பாக்கம் போனா உள்ள போட்டுடுவாங்களாமே?"

இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதமே இல்லை. "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்" என்று வசவாகவே பேசிப் பழகிய ஊர் நம்முடையது. அந்த மருத்துவமனை 1794இல் வாலண்டைன் கனோலி என்ற மருத்துவர் தொடங்கிய காப்பகத்திலிருந்து வளர்ந்தது. இப்போது மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருக்கும் இடத்துக்கு 1871இல் வந்தது. அந்தக் காலத்தில் அடைத்து வைப்பதுதான் வைத்தியம். மருந்துகள் 1950களில்தான் வந்தன.

இன்று அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் புறநோயாளிகள். சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, இலவச மாத்திரை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறார்கள். வரிசையில் ஆட்டோ ஓட்டுநர், காலேஜ் பெண், பேரனோடு பாட்டி என்று எல்லோரும் இருப்பார்கள். முதல் முறை போகும்போது அந்தப் பெரிய கேட்டைப் பார்த்து என் கால் நடுங்கியது உண்மை. வெளியே வரும்போது நடுக்கம் இல்லை.

"முதல் நாள் என்ன கேப்பாங்க? எல்லாத்தையும் சொல்லணுமா?"

எப்போது ஆரம்பித்தது, தூக்கம், பசி, வேலை, குடி, புகை, கஞ்சா, உடம்பு நோய்கள், சாப்பிடும் மற்ற மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விகளும் நீங்கள் பேசும் விதமும்தான் அவருடைய ஸ்டெதஸ்கோப். மனச்சோர்வு, மனச்சிதைவு இரண்டையும் நேராகக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஸ்கேன் எழுதினால் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான்.

போவதற்கு முன் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். "ரொம்ப நாளா சரியில்ல" என்பதைவிட "தீபாவளிக்கு அப்புறம் மூணு மணி நேரத்துக்கு மேல தூங்கல" என்பது டாக்டருக்கு நூறு மடங்கு உதவும். பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். சங்கடமான விஷயத்தை முதல் நாளே சொல்லியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் குடியையும் தற்கொலை எண்ணத்தையும் மறைக்காதீர்கள், மருந்தே அதைப் பொறுத்து மாறும். தனியாகப் பேச வேண்டும் என்றால் அம்மா அப்பாவை வெளியே உட்காரச் சொல்லும்படி டாக்டரிடம் கேட்கலாம்.

"பத்து நிமிஷம்கூடப் பேசல, மாத்திரை எழுதிட்டாரு. இதுதான் வைத்தியமா?"

முதல் முறையே பத்து நிமிடம் என்றால் குறைவுதான், உங்கள் ஆதங்கம் நியாயம். மூன்றாவது, நான்காவது முறை என்றால் பத்து நிமிடம் போதும். அது மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சந்திப்பு. மனசு விட்டுப் பேச வேண்டிய ஒரு மணி நேரத்தை முதல் கேள்வியில் சொன்ன சைக்காலஜிஸ்ட்டிடம் எதிர்பாருங்கள்.

ஆனால் மூன்று விஷயம் சொல்லாமல் அனுப்பக் கூடாது: என்ன நோய் என்று நினைக்கிறார், மாத்திரை எதற்கு, என்ன பக்கவிளைவு வரலாம். எங்களுக்கு முதலில் கிடைத்த ஒரு தனியார் டாக்டர், என் அப்பா "என்ன வியாதி சார்?" என்று கேட்டதற்கு "சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றார். அப்பா அச்சுக்கோப்பாளர், எட்டாவது வரை படித்தவர். அடுத்து பார்த்த டாக்டர் ஒரு தாளில் மூளையைப் படம் போட்டு ஐந்து நிமிடத்தில் விளக்கினார். அப்பாவுக்கு நன்றாகவே புரிந்தது.

"டாக்டர் பிடிக்கலன்னா மாத்தலாமா?"

மாற்றலாம். உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு. ஆனால் ஆறு மாதத்தில் நாலு பேர் என்று மாற்றினால் எந்த மருந்துக்கும் போதிய அவகாசம் கிடைக்காது.

"ஒரு வாரமா போடறேன். தூக்கம் தூக்கமா வருது, மனசு மட்டும் அப்படியே இருக்கு."

மனச்சோர்வு மருந்துகளில் இது சகஜம். பக்கவிளைவு முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கும் மேல். இடையில் உள்ள அந்த நாட்களில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வாய் உலர்தல், குமட்டல், மந்தம் பெரும்பாலும் குறையும். மனச்சிதைவு மருந்துகள் சிலவற்றில் எடை கூடும், சர்க்கரையும் ஏறலாம், அதனால் எடையும் ரத்தமும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் பார்ப்பார்கள். தாம்பத்தியத்தில் வரும் பிரச்சினையைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம். டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்து இழுத்துக்கொள்வது, கடும் காய்ச்சலோடு உடல் விறைப்பு, அடக்க முடியாத பதற்றம் என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள்.

"இந்த மாத்திரைக்கு அடிமையாயிடுவோமாமே? ஆயுசுக்கும் போடணுமா?"

எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போடுவதால் வரும் பயம் இது. மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் கொடுக்கும் மருந்துகள் போதை தருவதில்லை. நாளாக ஆக இன்னும் வேண்டும் என்ற ஏக்கமும் வராது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலாம், குளோனசிபாம் வகை மட்டும் பழக்கமாகிவிடும். அதனால்தான் குறைந்த நாளுக்கு எழுதுவார்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தொடர்ந்து வாங்காதீர்கள்.

ஆயுளுக்குமா என்பது நோயைப் பொறுத்தது. முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், நன்றாகி அதன் பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் என்பது பொதுவான கணக்கு. திரும்பத் திரும்ப வந்தால் வருடங்கள். இருதுருவ நோய்க்கும் மனச்சிதைவுக்கும் பலருக்கு நீண்ட காலம். சர்க்கரைக்குத் தினம் மாத்திரை போடும் என் மாமாவை யாரும் அடிமை என்று சொல்வதில்லை.

"பையன் இப்ப நல்லா இருக்கான். நிறுத்திடலாம்தானே?"

நாங்கள் நிறுத்தினோம். மருந்து ஆரம்பித்து பதினான்கு மாதம். தம்பி சிரித்தான், கிரிக்கெட் பார்த்தான், வேலைக்கு மனு போட்டான். "இனிமே எதுக்கு?" என்று நானே சொன்னேன். எட்டாவது வாரம் மறுபடி காபியை மோந்து பார்த்தான். திரும்ப நிலைக்குக் கொண்டுவர முதல் முறையைவிட அதிக நாள் ஆனது. மாத்திரையால் நன்றாக இருப்பவரைப் பார்த்து மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்வது எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். மேலே சொன்ன பதற்ற மாத்திரைகளை நாள்பட்டுச் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

கர்ப்பம் தெரிந்தவுடன் பயந்து தாங்களே நிறுத்துகிற பெண்களுக்கும் இதே பதில். திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் போல கருவுக்கு ஆகாத மருந்துகள் உண்டு, அவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

"யாரோ செய்வினை வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. கோவிலுக்கும் போறோம், தப்பா?"

கோவிலுக்குப் போங்கள். நாங்களும் குணசீலத்தில் நாற்பத்தெட்டு நாள் தங்கினோம். அந்த அமைதி அம்மாவுக்கு வேண்டியிருந்தது. தர்காவோ சர்ச்சோ அதேதான். மாத்திரையை விட்டுவிட்டுப் போகச் சொன்னால், கட்டி வைக்கச் சொன்னால், அடிக்கச் சொன்னால் மட்டும் உடனே திரும்பி வாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவது இப்போது சட்டப்படி குற்றம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, நீதான் பைத்தியம்ங்கிறாரு. வரவே மாட்டேங்குறாரு. சாம்பார்ல கலந்து குடுத்துடலாமா?"

தனக்கு நோய் இருப்பது தெரியாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி. பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். அவர் ஒப்புக்கொள்ளும் ஒன்றைப் பிடியுங்கள். "மூணு நாளா தூங்கலையே, அதுக்கு ஒரு டாக்டரைப் பாப்போம்" என்றால் வருவார்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால் அடுத்த முறை வீட்டுப் படியே தாண்ட மாட்டார்கள். முதலில் குடும்பத்தார் மட்டும் டாக்டரைப் பார்த்து யோசனை கேட்கலாம்.

கலந்து கொடுப்பதைப் பற்றி: சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவர் ஒரு நாள் அந்தப் பொடியைப் பார்த்துவிட்டால், அவர் சந்தேகத்தை நீங்களே உண்மையாக்கியவர்கள் ஆவீர்கள். குடிக்கிற கணவருக்குத் "தெரியாமல் கொடுக்கலாம்" என்று விற்கும் பொடிகள் இன்னும் ஆபத்து. டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

"குடிக்கு எதுக்கு சைக்கியாட்ரிஸ்ட்? மனசு வெச்சா விட்டுடலாம்ல?"

தினமும் காலையிலிருந்தே குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத பிதற்றல் வரலாம். இது உயிருக்கு ஆபத்து. சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவரை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் இதற்கும் சிகிச்சை உண்டு. இதற்கென்றே 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு பக்கம் இருக்கிறது.

"அட்மிட் பண்ணணும்னா அவங்க சம்மதம் வேணுமா? நாங்களே கையெழுத்துப் போட்டுச் சேர்த்துடலாமா?"

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தானே விரும்பிச் சேர்கிறவர் தானே கேட்டுக் கிளம்பலாம். முடிவெடுக்கும் நிலையில் இல்லாமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருந்தாலோ தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் போனாலோ, அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேசும் ஆள், மனு கொடுக்கலாம். மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும். முதலில் அதிகபட்சம் முப்பது நாள்.

நன்றாக இருக்கும் நாளிலேயே அந்தப் பிரதிநிதி யார் என்று எழுதி வைக்கலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்றும் முன்கூட்டியே எழுதலாம். என் தம்பி என் பெயரை எழுதியிருக்கிறான்.

"ஷாக் குடுப்பாங்களா?"

சினிமாவில் வருவது போல விழித்திருக்கும்போது கட்டிப் போட்டுக் கொடுப்பது இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று மேலே சொன்ன சட்டமே தடுக்கிறது. சாப்பாட்டையே மறுக்கும் கடும் மனச்சோர்வு, சிலை போல உறைந்துபோவது, தற்கொலை அபாயம் போன்றவற்றில் மருந்தைவிட வேகமாகப் பலன் தரும். அந்த நாட்களின் நினைவு சிலருக்கு மங்கலாகும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பிரசவத்துக்குப் பின் வந்த நோயிலிருந்து இதில்தான் எழுந்தார்.

"வெளிய தெரிஞ்சா கல்யாணம், வேலை எல்லாம் போச்சே?"

டாக்டர் வெளியே சொல்லக் கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிறருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆபீஸுக்குச் சொல்வதா என்பது உங்கள் முடிவு.

கல்யாணம் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. நீண்ட கால நோயை மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள். மறைத்தவர்கள் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும், முதல் மாதமே நின்றுவிடும், நோய் திரும்பும். பழி நோய் மேல் விழும். சொல்லிச் செய்த கல்யாணங்கள் நிலைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை சாப்பிடுவது மட்டுமே விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. சேர்ந்து வாழவே முடியாத அளவு தீவிரம் என்று நிரூபிக்க வேண்டும்.

"செலவு எவ்வளவு ஆகும்? இன்சூரன்ஸ் வருமா?"

அரசு மருத்துவமனையில் சந்திப்பும் மருந்தும் இலவசம். தனியாரில் ஃபீஸை முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. பெரும்பாலான பாலிசிகள் அட்மிஷனுக்குத்தான் தரும், ஓ.பி. செலவுக்குத் தராது. நோய் நாள்பட்டு வாழ்க்கையைப் பாதித்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழும் கோரலாம்.

"சாகப்போறேன்னு சொல்றா. நேரா கேட்டா நாமே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" கேட்பதால் எண்ணம் வராது. ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பலருக்கு மூச்சு விட்டது போல இருக்கும். "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து, கயிறு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவமனை, அவசரம் என்றால் 108. பேச ஒருவர் வேண்டும் என்றால் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா இருக்கிறது, 044-24640050. 14416ம் இருக்கிறது.

முயற்சி செய்து பிழைத்தவரை "போலீஸ் கேஸ் ஆகும்" என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். 2017 சட்டம் அவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

"அவருக்கு வைத்தியம் நடக்குது. எனக்குத்தான் இப்ப முடியல. இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லலாமா?"

சொல்லுங்கள். மூன்று வருடம் என் அம்மா தம்பியோடு ஒவ்வொரு மாதமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் டாக்டர் தம்பிக்குச் சீட்டு எழுதி முடித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி, "நீங்க எத்தனை மணிக்குத் தூங்குறீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அன்றே அம்மா பெயருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டோம். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பையில் இரண்டு நோட்டு இருந்தது.